டிஜிட்டல் உரிமை வழக்கறிஞர் ஆக: சேம்பரா, டெல்லியா, சட்ட நிறுவனமா?

இணைய முடக்கம், தொலைபேசி ஒட்டுக்கேட்பு, முகநூல் பதிவுக்காகக் கைது, போலீஸ் எடுத்துக்கொண்டு போன கைபேசி, ஆதார், முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் கேமரா. இப்படிப்பட்ட வழக்குகளில் குடிமக்கள் பக்கம் நின்று வாதாட விரும்பும் சட்ட மாணவருக்குக் கடைசி ஆண்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். எங்கே சேர்வது? உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரின் சேம்பரில் (அலுவலகத்தில்) ஜூனியராகவா, டெல்லியில் இருக்கும் டிஜிட்டல் உரிமை அமைப்பிலா, பெரிய சட்ட நிறுவனத்தின் தொழில்நுட்ப வழக்குப் பிரிவிலா, மாவட்ட நீதிமன்றத்தின் கிரிமினல் பக்கமா? நீதிபதியிடம் ஆராய்ச்சி உதவியாளர் ஆவது, வெளிநாட்டில் எல்.எல்.எம். படிப்பது என்று இன்னும் இரண்டு வழிகளும் உண்டு.

பெரும்பாலும் சம்பளத்தையும் பெயரையும் வைத்துத்தான் இந்த இடங்களை எடைபோடுகிறார்கள். நாங்கள் வேறு ஓர் அளவுகோலைச் சொல்கிறோம். முதல் மூன்று ஆண்டுகளில் எந்த இடத்தில் வழக்கின் ஆவணங்களை உங்கள் கையாலேயே திரட்டி, அடுக்கி, மனுவாக்கித் தாக்கல் செய்வீர்கள்? இந்தத் துறையில் வழக்குகள் தோற்பது வாதத்தில் அல்ல, ஆவணத்தில்.

தீர்ப்புக்கு அடியில் இருக்கும் வேலை

மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் தீர்ப்புகள் மூன்று. இணையத்தில் ‘புண்படுத்தும்’ செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. இணைய முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், அவை அளவுக்கு மீறாதவையாக இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் சொல்லப்பட்டது.

ஆனால் ரத்தான 66ஏ பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. அந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏழரை ஆண்டு இடைவெளி. அதுவரை ஒவ்வொரு வழக்கிலும் ஏதோ ஒரு மாஜிஸ்திரேட் முன்பு ஏதோ ஒரு வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்து நீட்டினால்தான் கட்சிக்காரருக்கு விடிவு.

இணைய முடக்க வழக்கும் அப்படித்தான். ரிட் மனுவில் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) ஓர் ஆணையை ரத்து செய்யக் கேட்கிறோம் என்றால் அந்த ஆணையின் நகல் டைப்டு செட்டில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) இருக்க வேண்டும். நகலே வெளிவராதபோது எதை ரத்து செய்யச் சொல்வது? உள்துறைச் செயலருக்கு உடனே எழுத்து மூலமாக மனு கொடுத்து அதன் ஒப்புகையைச் சேர்ப்பது, இணையம் நிறுத்தப்பட்டதாகத் தொலைத்தொடர்பு நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியைத் தேதி நேரத்தோடு சேர்ப்பது, ஆணையைத் தாக்கல் செய்ய அரசுக்கு உத்தரவிடக் கேட்டு ஓர் இடைக்கால மனு போடுவது. இத்தனையும் முதல் நாளிலேயே நடக்க வேண்டும். தொலைத்தொடர்பு சேவையைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான 2024 விதிகளின்படி ஒரு முடக்க ஆணை 15 நாளுக்கு மேல் நிற்காது. வழக்குக்கு எண் கிடைத்துப் பட்டியலில் வருவதற்குள் இணையம் திரும்ப வந்துவிடும், ‘இனி விசாரிக்க ஒன்றுமில்லை’ என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொல்வார், மனு முடிந்துபோகும். இதை முன்கூட்டியே எதிர்பார்ப்பவர், நடந்து முடிந்த முடக்கம் சட்டவிரோதம் என்று அறிவிக்கக் கோரும் பரிகாரத்தையும் மனுவிலேயே எழுதி வைப்பார். இதையெல்லாம் கற்றுத்தரும் இடம்தான் நல்ல இடம்.

சேரும் முன்பு எல்லோருக்கும் பொதுவான மூன்று விஷயங்கள்

பார் கவுன்சிலில் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மேல் வேறு பெயரில் தொகை கேட்டால் ரசீதில் தலைப்பைப் பாருங்கள்.

அகில இந்திய பார் தேர்வு 100 கேள்விகள் கொண்டது. பொதுப் பிரிவினருக்குத் தேர்ச்சி 45 விழுக்காடு, பட்டியல் பிரிவினருக்கு 40. குறிப்பு எழுதாத சட்ட நூல்களை உள்ளே கொண்டுபோகலாம். பதிவு செய்த இரண்டு ஆண்டுக்குள் தேறிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காமல் விட்டு மாட்டிக்கொள்வது. பார் கவுன்சில் விதி 49-இன்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க முடியாது. அப்படி வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்த வேண்டும். உரிமை அமைப்பும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, நீதிமன்றத்தில் நிற்க விரும்புகிறவர் கையெழுத்திடும் தாள் தொழில்முறைக் கட்டண ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பணி நியமன ஆணையாக இருக்கக் கூடாது. வருங்கால வைப்பு நிதி பிடித்தால் நீங்கள் ஊழியர். தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 விழுக்காடு வரிப் பிடித்தம் மட்டும் இருந்தால் நீங்கள் வழக்கறிஞர். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘ஒருவேளை பின்னால் நீதிபதி தேர்வு எழுதுவேன்’ என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

உயர் நீதிமன்ற சேம்பர்

சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ஒரு சீனியரிடம் சேர்ந்தால் முதல் ஆண்டில் கிடைப்பது ரிட்டர்ன் (குறை சொல்லித் திருப்பப்பட்ட மனு) சரிசெய்வது, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நகல் கொடுத்து முத்திரை வாங்குவது, பிரிவில் போய் எண் ஏன் ஆகவில்லை என்று விசாரிப்பது, சீனியர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் வழக்கைச் சற்றுத் தள்ளி எடுக்கச் சொல்லி ‘பாஸ் ஓவர்’ கேட்பது ஆகியவை. அலுப்பான வேலை என்று தோன்றும். ஆனால் ஒரு மனு ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது, எந்தப் பிரதிவாதியைச் சேர்க்காவிட்டால் வழக்கு நகராது, அவசர மனுவை எப்போது நீதிபதி முன் மென்ஷன் செய்தால் (எடுத்துச் சொன்னால்) மதியத்துக்குள் எடுத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் வேறு எங்கும் கற்க முடியாதவை. இரண்டாம் ஆண்டில் அஃபிடவிட் எழுதுவீர்கள். மூன்றாம் ஆண்டில் இடைக்கால மனுவில் தனியாக நிற்க வாய்ப்பு வரும். சீனியரின் மனம் எப்படி என்பதைப் பொறுத்தது அது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இந்தத் துறையில் வேலை கிடைக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சில உதாரணங்கள். சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018-இல் போடப்பட்ட வழக்குகள், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பது பற்றிய பெரிய வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் வளர்ந்தன. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி அது முடியும் என்று அறிக்கை கொடுத்தார். இடையீட்டு மனுதாரராக வந்த உரிமை அமைப்பு, மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவரின் மறுப்பு அறிக்கையைத் தாக்கல் செய்தது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளை எதிர்த்துப் பாடகர் டி.எம். கிருஷ்ணா தொடுத்த வழக்கும் இங்கேதான். 2011-இல் போடப்பட்ட ஒரு தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலை 2 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது சாதாரணக் குற்ற விசாரணைக்காக ஒட்டுக்கேட்க முடியாது என்பது அதன் சாரம். விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பு நகலில் மறைக்கலாமா என்ற கேள்வியில் தனி நீதிபதி 2021-இல் மறுத்ததை 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மாற்றியது. அது இப்போது உச்ச நீதிமன்றத்தின் கையில்.

கடைசி வாக்கியம்தான் இந்த வழியின் பெரிய குறை. நன்றாகப் போகும் வழக்கு டெல்லிக்குப் போய்விடும். வாட்ஸ்அப் வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பல உயர் நீதிமன்றங்களில் இருந்த 2021 விதிகள் தொடர்பான மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. சென்னையில் இரவு பகலாக ஆவணக் கட்டுகளைத் தயாரித்தவர் அதற்குப் பிறகு காணொளித் திரையில் வேடிக்கை பார்க்க நேரிடும்.

இன்னொன்று பணம். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அகில இந்திய பார் கவுன்சில் அதே ஆண்டு அக்டோபரில் இதே போன்ற சுற்றறிக்கை விட்டது, ஆனால் கட்டாயம் ஆக்காமல் பரிந்துரையாக. நடைமுறையில் அந்தத் தொகையைக் கேட்டு வாங்க முடிகிற ஜூனியர் குறைவு.

எந்த சேம்பர் என்று முடிவெடுக்க, யாரிடமும் விசாரிக்காமலேயே ஒரு வழி இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் தினசரிப் பட்டியல் இணையத்தில் வருகிறது. நீங்கள் நினைத்திருக்கும் சீனியரின் பெயரை இரண்டு வாரம் தேடிப் பாருங்கள். டபிள்யூ.பி. (ரிட் மனு), எச்.சி.பி. (ஆட்கொணர்வு மனு), கிரிமினல் ஓ.பி. (குற்றவியல் அசல் மனு) மூன்றும் கலந்து வந்தால் நல்ல சேம்பர். வெறும் நில எடுப்பும் சர்வீஸ் வழக்கும் என்றால் மூன்று ஆண்டு கழித்தும் நீங்கள் கைபேசிப் பறிமுதல் மகஜர் (பறிமுதலின்போது போலீஸ் எழுதும் பதிவு) ஒன்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மாவட்ட நீதிமன்றம், கிரிமினல் பக்கம்

உரிமை வழக்காடலைப் பேசும்போது இந்த வழியை யாரும் எடுப்பதில்லை. எங்கள் பார்வையில் இதுதான் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது. தொழில்நுட்பமும் தனிமனித உரிமையும் தினமும் மோதிக்கொள்ளும் இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

சாட்சியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதியானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இதை இன்னும் இறுக்கியது. சான்றிதழ் இரண்டு பகுதிகள்: ‘ஏ’ பகுதியைத் தாக்கல் செய்பவரும் ‘பி’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பும் (கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் குறியீடு), அது எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 போன்றவற்றில் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். பறிமுதல் மகஜரில் ஹாஷ் மதிப்பு இல்லாமல், ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் முதல்முறையாக எடுத்திருந்தால், இடைப்பட்ட நாட்களில் கருவியில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்க இடம் கிடைக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். எனும் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு மனு போட்டாலே பல வழக்குகளின் போக்கு மாறும்.

ஐ.பி. முகவரியை வைத்து ஆளைப் பிடித்த வழக்குகளில் இரண்டு ஓட்டைகள் அடிக்கடி கிடைக்கும். கைபேசி இணையத்தில் ஒரே பொது முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) விநாடி வரை துல்லியமான நேரமும் இல்லாமல் முகவரியை மட்டும் வைத்து ஒருவரைச் சுட்ட முடியாது. அடுத்தது நேரம். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் பதிவு பெரும்பாலும் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். அதை மாற்றாமல் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் விவரம் கேட்டால் வேறு யாரோ ஒருவரின் பெயர் வரும். குறுக்கு விசாரணையில் இந்த இரண்டையும் கேட்கத் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம்.

சோறு போடும் வேலையும் இங்கே உண்டு. இணைய மோசடிப் புகாரில் பணம் கைமாறிய கணக்குகள் எல்லாம் முடக்கப்படுகின்றன. எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் அனுப்பிய மின்னஞ்சலால் இங்கே ஒரு மளிகைக் கடைக்காரரின் முழுக் கணக்கும் நின்றுபோகிறது. சந்தேகத்துக்குரிய தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் காலவரையின்றி முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. வங்கியிடம் எந்த மாநிலம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்கிவிட்டால் மனு ஒரே நாளில் தயாராகும். கட்சிக்காரர் கட்டணமும் கொடுப்பார். உரிமை வழக்கை இலவசமாக நடத்த விரும்புபவருக்கு வாடகை கட்ட இது உதவும்.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு களம் குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம். 2014 திருத்தத்தில் ‘சைபர் சட்டக் குற்றவாளிகள்’ அதில் சேர்க்கப்பட்டார்கள். விசாரணையின்றி 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். இதற்கு எதிரான ஆட்கொணர்வு மனுக்கள் கருத்துச் சுதந்திரத் தத்துவத்தைவிடச் சின்ன விஷயங்களில்தான் வெல்கின்றன. தடுப்புக் காவலில் இருப்பவரின் முறையீட்டை அரசு எத்தனை நாள் விளக்கமில்லாமல் வைத்திருந்தது, ஆவணக் கட்டில் எந்தப் பக்கம் படிக்க முடியாமல் இருந்தது, எந்த ஆங்கிலத் தாளுக்குத் தமிழாக்கம் தரப்படவில்லை. கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுபவருக்குத்தான் இது கண்ணில் படும்.

குறை என்ன? தனியாகக் கிடப்பீர்கள். அரசமைப்புச் சட்ட வாதம் கற்க ஆளில்லை. நல்ல சட்டக் கேள்வி கையில் வந்தாலும் அதை உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போக வேறொருவரை நாட வேண்டியிருக்கும்.

டெல்லி அமைப்புகள்

எஸ்.எஃப்.எல்.சி.இன் (SFLC.in) அமைப்பு 2010-இல் தொடங்கியது. இணைய முடக்கங்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. இணையச் சமநிலைக்கான இயக்கத்திலிருந்து 2016-இல் பிறந்தது இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன். மனித உரிமை வழக்குகளுக்கென்றே 1989 முதல் எச்.ஆர்.எல்.என். (ஹ்யூமன் ரைட்ஸ் லா நெட்வொர்க்) இருக்கிறது. முதல் இரண்டும்தான் இந்தத் துறைக்கு நேரடியானவை.

இங்கே கிடைப்பது அகலம். ஓராண்டில் கண்காணிப்பு, தணிக்கை, தரவுப் பாதுகாப்பு, முக அடையாளம் என்று எல்லாப் பொருளிலும் கை படும். தகவல் உரிமை மனுக்களை வழக்குக்கான விதையாக விதைக்கும் கலை இங்கேதான் நன்றாகத் தெரியும்: 30 நாளில் பதில், மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் இரண்டாவது. எந்தக் கதவு அடைபட்டிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2023 நவம்பரில் தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலுக்குள் போய்விட்டது. இணையதள முடக்க ஆணைகளைக் கேட்டால் 2009 விதிகளின் 16-ஆம் விதியைக் காட்டி ரகசியம் என்பார்கள்.

கிடைக்காதது மைக்கின் முன் நிற்கும் நேரம். உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்டு (ஏ.ஓ.ஆர்., அங்கே தாக்கல் செய்யும் உரிமை பெற்ற வழக்கறிஞர்) வேண்டும். வாதாடுவது கட்டணமில்லாமல் வரும் மூத்த வழக்கறிஞர். அமைப்பின் இளம் வழக்கறிஞர் சுருக்கக் குறிப்பு எழுதி, தேதிப் பட்டியல் தயாரித்து, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். எழுத்து கூர்மையாகும், நா கூர்மையாகாது. இதைத் தாண்ட விரும்புபவர் ஏ.ஓ.ஆர். தேர்வைத் திட்டமிட வேண்டும்: நான்கு ஆண்டு தொழில், பிறகு ஒரு ஏ.ஓ.ஆரிடம் ஓராண்டுப் பயிற்சி, நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு, மொத்தத்தில் 60. தேறிய பின் உச்ச நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகமும் பதிவு பெற்ற கிளார்க்கும் வேண்டும். டெல்லி வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நேர்காணலிலேயே கேட்கலாம், கேட்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50-லிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது, ஓர் அமைப்பு வாங்கிய தொகையை இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடுத்தது. லாயர்ஸ் கலெக்டிவ் என்ற உரிமை அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு 2016-இல் ரத்தானது. வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதாகச் சொல்லி ஆம்னெஸ்டி இந்தியா 2020 செப்டம்பரில் வேலையை நிறுத்தியது. உள்நாட்டுச் சந்தாவில் நடக்கும் அமைப்புக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனால் தொகையும் சிறியது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. இங்கிருந்து வரும் வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை தமிழில், பதிவு தமிழில், சாட்சி வாக்குமூலம் தமிழில். அதை ஆங்கிலத்தில் சரியாகத் தருகிற ஆள் அங்கே அரிது.

சட்ட நிறுவனம்

பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்கே ஆண்டுக்கு 15 லட்சத்துக்கு மேல் கிடைக்கும். கல்விக் கடன் இருப்பவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல, இதைக் குறைசொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. தொழில்நுட்ப நிறுவனங்களின் வழக்குகளும் தரமானவை. செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விதியை எதிர்த்து வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. கணக்கு முடக்க ஆணைகளை எதிர்த்த ட்விட்டர் 2023 ஜூன் 30 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்றதோடு 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொல்லப்பட்டது.

ஆனால் கட்சிக்காரர் அந்த நிறுவனம். அதில் கணக்கு வைத்திருப்பவர் அல்ல. இருவர் நலனும் ஒரே திசையில் போகும் வரைக்கும்தான் நீங்கள் உரிமைப் பக்கம். நாளை அதே நிறுவனம் பயனர் தரவை விற்றதாக வழக்கு வந்தால் நீங்கள் எதிர்ப் பக்கம். வெளியே வந்த பிறகும் பழைய கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை உங்களோடு வரும், அதனால் சில நல்ல வழக்குகளை எடுக்கவே முடியாமல் போகும். மேலும், ஒரே வழக்கில் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் இளையவரின் பங்கு ஆராய்ச்சிக் குறிப்பும் அட்டவணையும்தான். போவதானால் வழக்குப் பிரிவுக்கே போங்கள். ஒப்பந்தம் எழுதும் பிரிவிலிருந்து நீதிமன்றத்துக்கு மாறியவர்கள் மறுபடி முதலாண்டு ஜூனியராகத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மற்ற இரண்டு

உச்ச நீதிமன்ற ஆராய்ச்சி உதவியாளருக்கு 2025-இல் மாதம் 80,000 ரூபாய் தொகுப்பூதியம். ஒரு மனுவை நீதிபதி எப்படிப் படிக்கிறார், எத்தனையாவது பக்கத்தில் பொறுமை இழக்கிறார் என்று உள்ளிருந்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் தொழில் செய்ய முடியாது. ஓராண்டு போதும். இரண்டாம் ஆண்டு நீட்டிப்பு சம்பளத்துக்கு மட்டுமே பயன்படும்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்றே பெயர்பெற்ற அமைப்புகள் இரண்டு: 1920-இல் தொடங்கிய ஏ.சி.எல்.யு., 1990-இல் தொடங்கிய எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன். கைபேசி கோபுரப் பதிவுகளைப் போலீஸ் எடுக்க வாரண்ட் வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டின் கார்ப்பென்டர் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றது ஏ.சி.எல்.யு. அங்கே வழக்கறிஞர் பணிக்கு வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டு ஜே.டி. (அமெரிக்கச் சட்டப் பட்டம்) படித்தவர்கள். ஓராண்டு எல்.எல்.எம். முடித்து நியூயார்க் பார் தேர்வு எழுதலாம் என்றாலும், அதை வைத்து அந்த நாற்காலிக்குப் போவது அரிது, விசா வேறு தடை. எல்.எல்.எம். படித்துவிட்டு இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் மட்டும் போங்கள், அதுவும் உதவித்தொகையோடு. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். முதலில் கோர்ட், பிறகு படிப்பு என்ற வரிசை அதற்கும் ஒத்துவருகிறது.

எங்கள் தேர்வு

வீட்டில் பணம் அனுப்பச் சொல்லி நெருக்கடி இல்லை, அல்லது இரண்டு ஆண்டு சமாளிக்க முடியும் என்றால்: ரிட்டும் கிரிமினலும் கலந்த உயர் நீதிமன்ற சேம்பரில் மூன்று ஆண்டு. வாரத்தில் ஒரு நாள் எழும்பூர் நீதிமன்றத்துக்கோ உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கோ போய்வர சீனியரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். அதன் பிறகு டெல்லி அமைப்பு. அப்போது இரண்டாவது வரிசையில் உட்கார வேண்டியவராக இல்லாமல், அமைப்பு வழக்கை நம்பிக் கொடுக்கக்கூடியவராகப் போவீர்கள். நேராக டெல்லி போவது, எழுத்தும் ஆராய்ச்சியும்தான் தன் பலம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்குச் சரி.

கடன் அழுத்துகிறது என்றால் நிறுவனத்தின் வழக்குப் பிரிவில் இரண்டு ஆண்டு, கணக்கு முடிந்ததும் வெளியேறுவது. நான்காம் ஆண்டு தாண்டினால் வெளியேறுபவர்கள் குறைவு, வீட்டுத் தவணை விடாது. சிறு நகரத்தில் வேரூன்றியவர், குடும்பத்தை விட்டு நகர முடியாதவர் மாவட்ட கிரிமினல் பக்கத்தைத் தயக்கமில்லாமல் எடுக்கலாம். ஒரே நிபந்தனை: நல்ல சட்டக் கேள்வி வரும்போது அனுப்பி வைக்க உயர் நீதிமன்றத்தில் ஒரு கூட்டாளி வேண்டும்.

எந்த இடமானாலும், ஒப்புக்கொள்ளும் முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வக்காலத்தில் என் பெயர் வருமா? சொந்த வழக்கு எடுக்கலாமா, எடுத்தால் அலுவலக அறையையும் முகவரியையும் பயன்படுத்தலாமா? விலகும்போது நான் வரைந்த மனுக்களின் நகலை, கட்சிக்காரர் விவரம் நீக்கி, வைத்துக்கொள்ளலாமா? இங்கே என்னோடு ஒத்த அனுபவமுள்ளவர் கடைசியாக எப்போது நீதிமன்றத்தில் தனியாக நின்றார்? நான்காவது கேள்விக்குத் தேதியோடு பதில் வராவிட்டால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.